தம்பிக்குக் கிடைத்த உணவுப் பை: ஓர் இட்லிக் கடைக்காரியின் மதிப்பீடு

டிபி மருந்து சாப்பிட்ட என் தம்பிக்கு மாதாமாதம் ஓர் உணவுப் பை வந்தது. வங்கிக் கணக்கில் கொஞ்சம் பணமும் வந்தது. இரண்டும் எப்படி இருந்தன, எது உதவியது, எது உதவவில்லை என்று எழுதுகிறேன். வீட்டில் யாருக்காவது இப்போதுதான் டிபி என்று தெரிந்திருந்தால் உங்களுக்குப் பயன்படும். இந்தப் பைகளை வாங்கிக் கொடுக்கிற நல்ல மனதுக்காரர்களும் படித்தால் இன்னும் நல்லது.

நான் குடியாத்தத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். பருப்பைக் கையில் அள்ளினால் இந்த வருடத்துச் சரக்கா போன வருடத்துச் சரக்கா என்று சொல்லிவிடுவேன். தம்பி கைலித் தறியில் வேலை பார்க்கிறான். அவன் மனைவி வீட்டில் பீடி சுற்றுகிறாள். இரண்டு பிள்ளைகள், எங்கள் அம்மா, ஆக ஐந்து பேர் ஒரே வீட்டில். என் வீடு அடுத்த தெரு. இதையெல்லாம் சொல்லக் காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

மருந்து தொடங்கிய அன்று அவன் எடை 41 கிலோ. உயரம் 165 சென்டிமீட்டர். எடை பார்த்த நர்ஸம்மா காலில் விரலால் அழுத்தி வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தார், விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்த்தார், தானாக எழுந்து நிற்கச் சொன்னார். இது தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கிற காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின் வழக்கம். ரொம்பவும் மெலிந்தவர்களையும் மூச்சுத் திணறுகிறவர்களையும் முதல் நாளிலேயே பிரித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுகிறார்கள். தம்பிக்கு வீக்கம் இல்லை, ஆக்சிஜனும் சரியாக இருந்தது, அதனால் வீட்டுக்கு அனுப்பினார்கள். எடைக்குத் தக்கபடி நாளைக்கு மூன்று கூட்டு மாத்திரை. அவன் உயரத்துக்குக் குறைந்தது ஐம்பதரை கிலோவாவது இருக்க வேண்டும் என்றார்கள். கிட்டத்தட்ட பத்து கிலோ பாக்கி.

சரி, பைக்கு வருவோம். நிக்ஷய் மித்ரா என்று ஒரு ஏற்பாடு 2022 செப்டம்பரில் தொடங்கியது. தனி ஆளோ, கடையோ, கம்பெனியோ, சங்கமோ, யார் வேண்டுமானாலும் ஒரு நோயாளியைப் பொறுப்பெடுத்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் உணவுப் பை கொடுக்கலாம். தம்பிக்குக் கொடுத்தவர் ஊரில் ஒரு ஜவுளிக் கடைக்காரர். பையில் அரிசி 3 கிலோ, துவரம்பருப்பு 1 கிலோ, பச்சைப்பயறு அரை கிலோ, கடலை எண்ணெய் கால் லிட்டர், வேர்க்கடலை 1 கிலோ. அரசு சொல்லியிருக்கிற அளவும் ஏறக்குறைய இதுதான். வேர்க்கடலைக்குப் பதிலாகப் பால் பவுடரோ பாலோ கொடுப்பவர்களும் உண்டு.

தரத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பருப்பு குக்கரில் மூன்று விசிலுக்கு மலர்ந்தது. பயற்றில் வண்டு இல்லை. கொடுப்பதைக் கழிசடையாகக் கொடுக்காமல் தன் வீட்டுக்கு வாங்குவது போல வாங்கியிருந்தார் அந்த மனிதர். அவருக்கு என் வணக்கம்.

ஆனால் அரிசி எதற்கு? இதைக் கோபமாகக் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் ரேஷன் அட்டை வைத்திருக்கிற வீட்டில் அரிசி இலவசம். 2011 முதல் அப்படித்தான். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். தம்பி வீட்டில் அரிசிக் குறை ஒருநாளும் இருந்ததில்லை. காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் களி அல்லது சோறு, ராத்திரி சோறு, கூட ஒரு கீரைக் கடைசலோ புளிக்குழம்போ. வயிறு நிறைந்துவிடும். அந்த வீட்டில் இல்லாதது முட்டை, பால், கறி, கொட்டை. அந்த 3 கிலோ அரிசியின் விலைக்கு முட்டை வாங்கிப் போட்டிருந்தால் பையின் கதையே வேறு.

பையிலேயே எங்களைக் காப்பாற்றியது மல்லாட்டைதான், அதாவது வேர்க்கடலை. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் மாதம் அவன் பட்ட பாடு அப்படி.

டிபி மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அது மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். குமட்டலையும் சொன்னார்கள்தான், ஆனால் இவ்வளவு இருக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை. சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினான். "வாயெல்லாம் கசக்குதுக்கா, வேணாம்க்கா" என்று தட்டைத் தள்ளிவிடுவான். ஐந்தரை கிலோவுக்கு மேல் சாமான் வீட்டில் இருக்கிறது, சாப்பிட வேண்டியவனால் நாலு வாய் உள்ளே தள்ள முடியவில்லை. பை கொடுக்கிறவர்கள் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. மருந்தின் முதல் இரண்டு மாதம்தான் உடம்புக்குச் சாப்பாடு ரொம்பத் தேவை, அந்த இரண்டு மாதம்தான் சாப்பாடு இறங்குவதும் கஷ்டம்.

டாக்டரிடம் கேட்டேன். ரொம்பக் குமட்டினால் மாத்திரைக்கு முன் லேசாக ஏதாவது கொடுக்கலாம், மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது என்றார். கடையில் முதல் ஈட்டு இட்லி இறக்கியதும் இரண்டு இட்லி அவனுக்குப் போகும். அப்புறம் மூன்று வேளைச் சாப்பாடு என்கிற நினைப்பையே விட்டுவிட்டோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு கையளவு. அதற்குத்தான் மல்லாட்டை. வறுத்துத் தோல் நீக்கி, வெல்லம் சேர்த்து இடித்து, சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து டப்பாவில் போட்டு அவன் தலைமாட்டில் வைத்தோம். சோறு இறங்காதவனுக்கு உருண்டை இறங்கியது. நூறு கிராம் கொட்டையில் 25 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, எண்ணெய்ச் சத்தும் நிறைய. நாலு வாயில் அவ்வளவு பலம் தருகிற வேறு பண்டம் இந்த விலைக்கு நம் பக்கம் இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். பூஞ்சை பிடித்த கொட்டை, கசக்கிற கொட்டை, சுருங்கிக் கறுத்த கொட்டை எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். பூஞ்சையின் விஷம் ஈரலுக்குக் கேடு. டிபி மாத்திரையே ஈரலுக்குச் சுமைதான். கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காமல் போனாலோ சாப்பாட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல் உடனே டாக்டரிடம் போய்விட வேண்டும்.

பச்சைப்பயற்றையும் கேழ்வரகையும் முளைகட்டி, நிழலில் உலர்த்தி, வறுத்து, பொட்டுக்கடலையோடு அரைத்துச் சத்துமாவு ஆக்கினோம். கஞ்சியாகக் காய்ச்சிப் பால் விட்டுக் கொடுத்தால் குடிப்பான். துவரம்பருப்பு குழந்தைகளுக்குத்தான் அதிகம் பயன்பட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

முட்டை பையில் இல்லை. நாங்களே வாங்கினோம். கடையில் இட்லி குண்டானிலேயே தட்டுக்கு மேலே இரண்டு முட்டையை வைத்தால் இட்லியோடு வெந்துவிடும், தனியாகக் கேஸ் செலவில்லை. வாரத்தில் ஒருநாள் மாட்டுக்கறி. எங்கள் பக்கம் ஆட்டுக்கறி விலைக்கு அது எவ்வளவோ தேவலை, பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் தாராளமாகக் கிடைக்கும். சாப்பிடாதவர்கள் கொள்ளும் சுண்டலும் பாலும் தயிரும் கூட்டிக்கொள்ளலாம்.

மெடிக்கல் கடையில் புரோட்டீன் பவுடர் டப்பாவைக் கையில் கொடுப்பார்கள். உறவுக்காரர் ஒருவர் அக்கறையோடு ஒன்று வாங்கி வந்தார். வெனிலா வாசனை, நல்ல இனிப்பு. காலையும் மாலையும் இரண்டு ஸ்பூன் போட்டதில் ஒரு வாரம்கூட வரவில்லை. அந்தப் பணத்துக்கு இரண்டு மாதத்துக்கு முட்டை வாங்கலாம். டாக்டர் எழுதிக் கொடுத்தால் வேறு. நாமாகப் போய் வாங்க வேண்டாம். உடல் நிறை குறியீடு, அதாவது உயரத்துக்குத் தக்க எடை இருக்கிறதா என்று பார்க்கிற கணக்கு, 18.5-க்குக் கீழே இருக்கிறவர்களுக்கு முதல் இரண்டு மாதம் சத்து அதிகமுள்ள உணவு கொடுக்கவும் அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. காசு கொடுத்து டப்பா வாங்கும் முன் அது உண்டா என்று கேளுங்கள்.

இனி பணம். நிக்ஷய் போஷன் யோஜனா என்று பெயர். 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாய் என்று தொடங்கியது. 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாய் ஆக்கியிருக்கிறார்கள். ஆறு மாத மருந்துக்கு இரண்டு தவணை. தொடங்கும்போது 3000, 84 நாள் மருந்து முடிந்தபின் இன்னொரு 3000. முன்பணமாகக் கொடுப்பது மிகச் சரியான மாற்றம். மெலிந்து கிடக்கிறவனுக்கு ஆறாம் மாதம் கிடைக்கிற பணத்தால் என்ன பயன்?

ஆனால் எங்களுக்கு அந்த முதல் 3000 நேரத்துக்கு வரவில்லை. தம்பியின் பழைய கணக்கு பயன்பாட்டில் இல்லாமல் முடங்கிப் போயிருந்தது, ஆதாரும் இணையவில்லை. வங்கியில் இந்தச் சன்னலிலிருந்து அந்தச் சன்னலுக்கு அனுப்பினார்கள். வரிசையில் நின்ற தம்பி மனைவிக்கு அன்றைய பீடிக் கூலி போனதுதான் மிச்சம். கடைசியில் தபால் ஆபீஸில் புதுக் கணக்குத் திறந்து அந்த எண்ணைக் கொடுத்தபின்தான் பணம் வந்தது. அதற்குள் ஸ்கேன், ஆட்டோ என்று வாங்கிய கடன் காத்துக்கொண்டிருந்தது. முதல் தவணையில் பெரும்பகுதி அதற்கே போயிற்று. தறியில் உட்காராதவனுக்குக் கூலி இல்லை. வீட்டு வாடகை நிற்காது. சத்துணவுக்கு என்று வந்த பணம் சத்துணவுக்கே செலவாகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பொருளாக வந்தது வயிற்றுக்குப் போகிறது, பணமாக வந்தது வீட்டின் அவசரத்துக்குப் போகிறது. இரண்டும் வேண்டும், ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை நிறுத்திவிடக் கூடாது.

1000 ரூபாய்க்கு என்ன கிடைக்கும்? நாளைக்கு 33 ரூபாய். இரண்டு முட்டை, ஆவின் நீலப் பாக்கெட் அரை லிட்டர். அவ்வளவுதான், ஆனால் அது சின்ன விஷயம் இல்லை. அந்த இரண்டும் தினமும் அவன் வயிற்றுக்குள் போனால் போதும் என்பது என் கணக்கு. இரண்டாம் தவணையை அப்படியே என் கையில் வாங்கி வைத்துக்கொண்டு கடைக் கணக்கோடு சேர்த்து முட்டையும் பாலுமாகவே கொடுத்தேன். தம்பி மனைவியே அப்படிச் செய்யச் சொன்னாள்.

என் மகள் நர்சிங் படிக்கிறாள். பையைப் பார்த்துவிட்டு அவள் ஒரு கணக்குப் போட்டாள். அரிசி, பருப்பு, பயறு, கொட்டை எல்லாவற்றிலும் இருக்கிற புரதத்தைக் கூட்டி முப்பதால் வகுத்தால் நாளைக்குச் சுமார் 26 கிராம். அதுவும் தம்பி ஒருவனே முழுப் பையையும் தின்றால். ஜார்க்கண்டில் 2,800 டிபி நோயாளிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில் ஆறு மாதம் கொடுத்த பையில் நாளைக்கு 52 கிராம் புரதம் இருந்ததாம். மாதம் பத்து கிலோ சாமான், கூட வைட்டமின் மாத்திரை. மங்களூரு டாக்டர்கள் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும், சென்னை காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செய்தது, 2023இல் வெளிவந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்குச் சாவு ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. இதை அவள் படித்துச் சொன்ன அன்றிலிருந்து தம்பியின் எடைச் சீட்டை நான் வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். 41இல் 5 சதவீதம் என்றால் இரண்டு கிலோ.

அந்த ஆய்வில் இன்னொன்றும் செய்தார்கள். பாதி வீடுகளில் நோயாளியோடு இருக்கிற ஒவ்வொரு பெரியவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சின்னப் பிள்ளைகளுக்கு அதில் பாதி கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது.

ஐந்து பேர் இருக்கிற வீடு என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான். ஒரே அடுப்பில் வெந்த உருண்டையை அப்பா மட்டும் தின்ன வேண்டும், நீ தின்னாதே என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் எந்தத் தாயால் சொல்ல முடியும்? எங்கள் அம்மா தன் பங்கு முட்டையைப் பேரனுக்குத் தள்ளிவிடுவாள். தம்பி தன் முட்டையில் பாதியை மகளுக்குக் கொடுப்பான். கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. அந்தக் குழந்தைகளுக்கும் சத்து வேண்டும், அந்த வீட்டுக் காற்றைத்தான் அவர்களும் சுவாசித்தார்கள். எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள், யாருக்கும் நோய் இல்லை. வராமல் தடுக்க வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை எல்லோருக்கும், உணவுப் பை ஒருவனுக்கு மட்டும். இது சரியில்லை. இப்போது வீட்டில் உள்ளவர்களுக்கும் பை கொடுக்கலாம் என்று விதியை விரித்திருக்கிறார்கள். விதி இருந்தால் போதாது, கொடுக்க ஆள் வேண்டும். எங்களுக்குக் கடைசி மாதம் வரை ஒரு பைதான்.

இதில் நம் ஊருக்கு ஒரு பழைய பங்கும் உண்டு. 1959இல் சென்னையில் ஓர் ஆய்வு முடிவு வந்தது. சானடோரியம் என்கிற டிபி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து நல்ல சாப்பாடு போட்டவர்களும், வீட்டிலேயே ஏழைச் சாப்பாட்டோடு மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். அதனால்தான் இன்று உலகம் முழுக்க டிபிக்காரர்கள் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுகிறார்கள். பெரிய நன்மை. என் தம்பியும் பிள்ளைகளோடு இருந்தே குணமானான். ஆனால் மருந்து போதும், சாப்பாடு அவ்வளவு முக்கியம் இல்லை என்ற எண்ணமும் அதோடு சேர்ந்தே தங்கிவிட்டது என்கிறாள் மகள். மருந்து கிருமியைக் கொல்லும், சரி. தறிக் கட்டையை மிதிக்கிற காலுக்குச் சதையைச் சாப்பாடுதான் கொடுக்க வேண்டும்.

பையின் வெளிப்பக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரிய எழுத்தில் காசநோய் என்று அச்சடித்திருந்தது. முதல் மாதம் நோயாளிகளை வரிசையாக நிற்க வைத்து, பையைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். தம்பி அன்று கூனிக் குறுகிப் போனான். அடுத்த மாதத்திலிருந்து நான்தான் போய் வாங்கினேன், கடைச் சாமான் பைக்குள் போட்டுக் கொண்டு வந்தேன். வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு, கல்யாண வயதில் பெண் வைத்திருக்கிறவர்களுக்கு அந்த எழுத்து என்ன செய்யும் என்று அச்சடிக்கிறவர்கள் யோசிக்க வேண்டும். இதை ஜவுளிக் கடைக்காரரிடம் நேரில் போய்ச் சொன்னேன். மனிதர் உடனே புரிந்துகொண்டார். மூன்றாம் மாதத்திலிருந்து அவர் கடையின் வெறும் மஞ்சப்பையில் வந்தது.

இரண்டாம் மாத முடிவில் எடை 43 கிலோ 600 கிராம். ஆறாம் மாத முடிவில் 48. சளியில் கிருமி இல்லை. தறிக்குத் திரும்பிவிட்டான், இப்போதைக்கு அரை நாள் வேலை. இன்னும் இரண்டரை கிலோ பாக்கி இருக்கிறது. மருந்து முடிந்ததோடு பையும் பணமும் நின்றுவிட்டன. முட்டை மட்டும் என் கடையிலிருந்து இன்னும் போகிறது.

ஆக, தரத்துக்கு முழு மதிப்பெண். அளவுக்குப் பாதி. பணத்துக்கு, முன்பணம் என்ற முறை நல்லது என்பதற்காக முக்கால்.

புதிதாக மருந்து தொடங்குகிறவர்கள் முதல் நாளே மூன்று விஷயம் கேளுங்கள்: நிக்ஷய் என்கிற அரசின் டிபி பதிவேட்டில் உங்கள் பதிவு எண், வங்கிக் கணக்கு சரியாக ஏறியதா, உணவுப் பை தருகிறவர் யாராவது இருக்கிறாரா. கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று மருந்து வாங்கப் போகிற வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வையுங்கள், ஏறவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பை கொடுக்கிறவர்களுக்கு: எங்கள் வேலூர்ப் பக்கத்துக்கு அரிசி வேண்டாம். அந்த இடத்தில் முட்டை வையுங்கள், மல்லாட்டையை இரண்டு கிலோ ஆக்குங்கள், வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுவிட்டு அளவைப் போடுங்கள். முட்டையை மாதத்துக்கு மொத்தமாகக் கொடுத்தால் உடையும், கெடும். தெருமுனை மளிகைக் கடையில் முன்பணம் கட்டி, வாரத்துக்கு இத்தனை என்று எழுதி வைத்துவிட்டால் அவர்களே போய் வாங்கிக்கொள்வார்கள். குடியாத்தத்தில் யாராவது அப்படிச் செய்ய நினைத்தால், முட்டையை என் கடையிலேயே வாங்கி வைத்து, கூலி எதுவும் இல்லாமல் அவித்துக் கொடுக்க நான் தயார்.